ஷிப்ட் பஸ்ஸில் ஐந்தாம் பாடம்

அத்தியாயம் 11

"ஒரு வார்த்தை 'இரு'ன்னு சொல்லுங்க அத்தை. பையைக் கொண்டுபோய் உள்ள வெச்சுடறேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? ஊட்ட இன்னா பூட்டிக்கினா கீறேன்? இருக்கறவங்க இருக்கலாம். போறவங்க போவலாம்."

"அவ்ளோதானா அத்தை?"

"அவ்ளோதான்."

ஈஸ்டர் முடிந்த வாரம், வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் மருமகள் ஹெலனும் இந்தப் பக்கம் மாமியார் சாராளும் நின்று பேசிய பேச்சு இது. பேசி மாதங்கள் ஓடிவிட்டன. ஹெலனும் ஸ்டீவனும் திருவள்ளூரில் வாடகை வீடு பார்த்துப் போய், அந்த வீட்டு மாடியில் துளசியும் கற்பூரவல்லியும் வைத்து, அவை நன்றாக வளர்ந்தும் விட்டன.

சாராளுக்கு மட்டும் அந்தப் பேச்சு தினமும் காலையில் புதிதாக நடக்கும். திருப்பாச்சூர் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும்போது அந்தக் கடைசி 'அவ்ளோதான்' தொண்டைக்குள் வந்து உட்காரும். அதை எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் 'இரு' என்று வைத்துப் பார்ப்பாள். மனசுக்குள் அது அருமையாகப் பொருந்தும். வாய் வரைக்கும் வராது.

சண்டை என்னவோ பெரிய சண்டை இல்லை. சர்ச்சிலிருந்து நாலு பேர் வீட்டுக்கு வந்திருந்த அன்று, ஹெலன் உள் அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து மாணவிகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். "எங்க மருமக கம்ப்யூட்டரக் கட்டிக்கினு வந்தவ. வேளாவேளைக்கு அதுக்குச் சோறு வெச்சா போதும், எங்களக் கண்டுக்க மாட்டா" என்று சாராள் ஒரு சிரிப்புக்காகச் சொன்னாள். வந்தவர்கள் சிரித்தார்கள். அறைக்குள்ளிருந்த ஹெலன் சிரிக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்குத் தெரியுமே.

"வாயத் தொறந்து கூப்புட்டா உன் கிரீடம் கீழ உழுந்துடுமா?" என்று கணவர் தாவீது எத்தனையோ தடவை கேட்டுவிட்டார்.

"நீங்க போய்க் கூப்புடுங்களேன்."

"நான் கூப்புட்டுட்டேன். ஃபோன்லயும் கூப்புட்டேன், நேர்லயும் கூப்புட்டேன். 'அத்தை கூப்பிடட்டும் மாமா'ன்றா."

சாராளின் தலையில் கிரீடம் எதுவும் இல்லை, தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ரப்பர் வளையங்களைத் தரம் பார்த்துப் பெட்டியில் அடுக்கும்போது மாட்டுகிற நீலநிற வலைத்தொப்பி மட்டும்தான். ஆனால் அவர் சொன்னது பொய்யும் இல்லை.

*

பஸ் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ஸ்டீவன்.

அம்மா வேலை பார்க்கும் கம்பெனிக்கு மகன் பஸ் ஓட்டுவதில் ஒரு வசதி உண்டு. முதல் நிறுத்தம் திருப்பாச்சூர் என்பதால், திருவள்ளூரில் மற்ற பெண்கள் ஏறும்வரை வண்டிக்குள் அம்மாவும் பிள்ளையும் மட்டும்தான். என்ஜின் மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் பேனட் சீட் சாராளுடையது. கம்பெனி பஸ்ஸில் யாருக்கு எந்த சீட் என்று எங்கும் எழுதி வைத்திருக்காது. ஆனால் மாற்றி உட்கார்ந்தால் அன்று ஊரே ரெண்டுபடும்.

"நாஷ்டா துன்னியா நைனா?"

"துன்னேன் மா. பூரி."

"பூரியா! காலங்காத்தாலயா? அவளுக்குக் காலேஜுக்கு நேரமாவாது?"

"நான்தான் மாவு தேச்சேன்."

சாராள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாப்பிட்ட தட்டைத் தூக்கித் தொட்டியில் போடாத பிள்ளை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"எம்மா, இன்னிக்கு சாயந்தரம் ஹெலன் நம்ம பஸ்ல வர்றா."

"இந்த பஸ்லயா? எதுக்குடா?"

"எல்லாம் அந்தக் கோர்ஸால வந்தது."

அந்தக் கோர்ஸைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும்.

திருவள்ளூரில் ஹெலன் வேலை பார்க்கும் கல்லூரியில், தொழிற்சாலைப் பெண்களுக்கென்று சனி, ஞாயிறுகளில் பி.காம். வகுப்பு நடக்கிறது. ஸ்டீவனின் பஸ்ஸில் வரும் பெண்களில் பாதிக்கு மேல் அந்த வகுப்பில்தான் படிக்கிறார்கள். இரண்டே நாளில் எல்லாப் பாடத்தையும் எப்படி முடிப்பது? 'பணியிடப் பேச்சுத் திறன்' என்ற ஒரு பாடத்தை மட்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வகுப்பாகவே படிக்கச் சொல்லிவிட்டாள் ஹெலன். வாரம் ஒரு பாடம், அதன் முடிவில் கேள்விகள், சில வாரம் ஹெலனே கேட்டு மார்க் போடும் குரல் பதிவு. அதில் வாங்கும் மதிப்பெண் பரீட்சையில் சேரும்.

துறைத் தலைவர் ராஜமாணிக்கத்துக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் நம்பிக்கை இல்லை. "இலவசமா குடுக்கறத யாரும்மா படிப்பாங்க?" என்றார்.

படித்தார்கள். எப்படித் தெரியுமா? ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனால் தண்ணீர் பிடிக்க வேண்டும், சமைக்க வேண்டும், ஃபோனைத் தம்பி பிடுங்கிக்கொள்வான். ஒரு நாள் வினோதா, "அண்ணா, பாட்டுக்குப் பதிலா இதப் போடேன்" என்று ஸ்டீவனிடம் ஃபோனை நீட்டினாள். சினிமாப் பாட்டு அலறிக்கொண்டிருந்த ஸ்பீக்கரில் அன்றிலிருந்து பாடம் ஓட ஆரம்பித்தது. கேள்விகளுக்குப் பதில் அனுப்ப ஸ்டீவனே தன் ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தான். ஒரே நேரத்தில் எல்லோருக்கும் இழுக்காது. முன் சீட்டுக்காரர்கள் பூண்டிக்குள் முடித்துவிட வேண்டும், பின் சீட்டுக்காரர்கள் சீத்தஞ்சேரிக் காடு வருவதற்குள். காட்டோரம் டவர் போய்விடும். ஊத்துக்கோட்டை தாண்டினால் ஆந்திர எல்லையோரம், ஃபோனில் தெலுங்கில் வரவேற்புச் செய்தி வந்துவிடும்.

படிக்கிறவர்களோடு சேர்ந்து படிக்காதவர்களும் கேட்டார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த சாராளின் காதில்தான் எல்லாம் முதலில் விழுந்தது. மருமகள் கொடுத்த பாடம் என்பதால் முதல் வாரம் முறைப்பாகக் கேட்டாள். இரண்டாம் வாரம், "கொஞ்சம் சத்தமா வைடா" என்றாள்.

"இப்ப இன்னா ஆச்சு அதுல?" என்றாள் மகனிடம்.

"கோர்ஸ் நடத்தறவங்க காலேஜுக்கு மெயில் போட்டுக்கீறாங்க மா. உங்க பொண்ணுங்க எல்லாரும் ஒரே கனெக்‌ஷன்லேர்ந்து, ஒரே நேரத்துல பதில் அனுப்பறாங்க, ஒருத்தியப் பாத்து ஒருத்தி அடிக்கிறாங்களோன்னு சந்தேகமா கீதுன்னு."

"அடப்பாவி, அது உன் ஃபோன் கனெக்‌ஷனாச்சே!"

"அதான் பேஜாரு. ராஜமாணிக்கம் சார் குதிக்கிறாராம். ஹெலன் நேர்ல வந்து பாத்து சொல்றேன்னுட்டா. கம்பெனில பர்மிஷனும் வாங்கிட்டா."

அவன் கியரை மாற்றினான். மாற்றிய பிறகும் கை கியரிலேயே இருந்தது. பிள்ளையைப் பெற்றவளுக்குத் தெரியாதா, இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று?

"இன்னாடா? சொல்லு."

"வேலூர்ல ஒரு காலேஜுல ஹெலனுக்கு நிரந்தரமா வேலை தர்றேன்றாங்க. நாளைக்குள்ள பதில் சொல்லணும்."

"நீ?"

"நானும்தான் போவணும். அங்க ஓட்ட வண்டியா கிடைக்காது?"

"நீ இன்னா சொன்ன?"

"உன் இஷ்டம்னேன். அவ இன்னா சொன்னா தெரியுமா? 'இங்க நல்லாதான் இருக்கு ஸ்டீவ். ஆனா, இருன்னு சொல்ல ஆளில்லையே'ன்னா."

திருவள்ளூர் வந்துவிட்டது. கதவு திறந்து, மல்லிகையும் டிபன் பாக்ஸ் சாம்பாரும் மணக்க பெண்கள் திமுதிமுவென்று ஏறினார்கள். சாராளுக்கு அந்த மணமோ சத்தமோ எதுவும் உறைக்கவில்லை.

வேலூர்!

*

"அண்ணா, அஞ்சாவது பாடத்த இன்னொரு தபா போடு! இன்னிக்குதான் கடைசி நாள், சாயந்தரம் ரெக்கார்டிங் அனுப்பணும்!" பின்னாலிருந்து அஸ்வினி கத்தினாள்.

ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. வீடியோவில் பெரிய கண்ணாடி போட்டிருப்பதால் இந்த பஸ்ஸில் அவருக்குப் பெயர் கண்ணாடி டீச்சர்.

"நமக்கு ஒருத்தர்கிட்ட ஒண்ணு வேணும்னா, நாம கேட்கிறதே இல்லைங்க. சாடையாச் சொல்றோம். இல்லைன்னா குத்திக் காட்டுறோம். அதுவும் இல்லைன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் பேசாம இருக்கிறோம். சாடை, குத்தல், மௌனம். இந்த மூணும் வேண்டுகோள் இல்லைங்க. வேண்டுகோள்னா யார்கிட்டக் கேட்கிறோமோ அவங்க பேரச் சொல்லணும். என்ன வேணும்னு சொல்லணும். ஏன் வேணும்னு சொல்லணும். அவங்க முடியாதுன்னு சொல்றதுக்கும் இடம் விடணும். நீங்க ரொம்ப நாளாத் தள்ளிப்போட்ட ஒரு வேண்டுகோளை ஒரு நிமிஷம் பேசி அனுப்புங்க."

போன வாரம் இதை முதல் முறை கேட்டபோதே சாராளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ தன் வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து பேசுகிற மாதிரி இருந்தது. அந்த மூன்றில் அவள் எதைத்தான் விட்டு வைத்தாள்?

மத்தியானம் கேன்டீனில் தட்டோடு வினோதாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். பூண்டிப் பக்கத்துப் பெண். சாராளோடு ஒரே மேசையில் வளையம் அடுக்குபவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

"ஏ வினோதா. அந்த ரெக்கார்டிங் எப்டி பேசறது? சும்மா தெரிஞ்சிக்கத்தான்."

வினோதா சாம்பாரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "சும்மாவா? யாராண்ட கேக்கப் போறீங்க ஆன்ட்டி?"

"யாரோ ஒருத்தி. இப்ப அவ போயிட்டா. திரும்ப வரணும்."

"ஓ, 'யாரோ ஒருத்தி'!" வினோதாவின் கண் மின்னியது. பஸ் முழுவதற்கும் தெரிந்த கதை அது. "சரி, பேசுங்க. நான்தான் அந்த யாரோ ஒருத்தி."

சாராள் தொண்டையைச் செருமினாள். "மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சி வெச்சிக்கீறோம். சும்மாதான் பூட்டிக் கெடக்குது."

"இது சாடை."

"சரி, இரு. பெரியவங்க கீறாங்களேன்னு ஒரு எட்டு வந்து பாக்கறதுக்கு இப்பல்லாம் யாருக்கு மனசு கீது?"

"ஐயோ, இது குத்தல்! கொழம்புல காரம் போடற மாதிரி போடறீங்களே ஆன்ட்டி!"

"எனக்கு அப்டிதான்டி வருது!"

"பேரச் சொல்லுங்க மொதல்ல. பேரு."

சாராள் வாயைத் திறந்தாள். 'ஹெ' வரைக்கும் வந்தது. அதற்குள் சைரன் ஊதிவிட்டது. காப்பாற்றிய சைரனுக்கு மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு எழுந்தாள். நாலு அடி நடந்ததும், 'எதுலேர்ந்து காப்பாத்துச்சு? நாளைக்குள்ள பதில் சொல்லணுமாமே' என்று நினைத்துக்கொண்டாள். கையிலிருந்த தட்டு கனத்தது.

அன்று மத்தியானம் அவள் தேர்ந்தெடுத்த வளையங்களில் ஒன்று கூடக் கழிசலாகப் போகவில்லை என்று சூப்பர்வைசர் பாக்கியராஜ் பாராட்டினார். அவள் வளையங்களைப் பார்க்கவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாகப் பார்த்துக்கொண்டது.

*

ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது, கேட்டருகில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஹெலன் நின்றுகொண்டிருந்தாள். மாம்பழ நிறத்தில் காட்டன் புடவை. தோளில் அதே லேப்டாப் பை. அதைப் பார்த்ததும் சாராளுக்கு ஒரு நிமிஷம் அதன்மேல் கூடப் பாசம் வந்தது.

"நல்லா இருக்கீங்களா அத்தை?"

"ம்."

'ம்'மா? இத்தனை மாதம் கழித்துப் பார்க்கிற மருமகளுக்கு ஒரு 'ம்'மா? சாராள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு படியேறினாள்.

பெண்கள் எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஹெலன் நடுவழியில் நின்று அங்குமிங்கும் பார்த்தாள். "மேம், முன்னாடி ஆன்ட்டி பக்கத்துலதான் எடம் கீது" என்றாள் வினோதா, ரொம்ப அப்பாவியாக. அவள் பக்கத்து சீட்டில் ஒரு சாப்பாட்டுப் பை மட்டும் சொகுசாக உட்கார்ந்திருந்ததை ஹெலன் பார்க்கவில்லை.

மாமியாரும் மருமகளும் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்கள். ஸ்டீவன் கண்ணாடியில் இருவரையும் ஒரு பார்வை பார்த்தான். வழக்கத்தைவிட மெதுவாக வண்டியை எடுத்தான்.

ஊத்துக்கோட்டை கடந்து, காட்டை விட்டு வெளியே வந்ததும் டவர் வந்தது.

"முன்னாடி சீட்டு, கேள்விய ஆரம்பிங்க!" என்றான் ஸ்டீவன்.

ஹெலன் திரும்பிப் பார்த்தாள். அவள் எதிர்பார்த்தது வேறு. நடந்தது வேறு. ஃபோனை வெளியே எடுத்த ஒவ்வொருத்தியும் துப்பட்டாவை இழுத்துத் திரையை மூடிக்கொண்டாள். அந்த நேரத்தில் சாராள், யாரும் சொல்லாமலே, பழக்க தோஷத்தில் எழுந்துவிட்டாள். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவழியில் மெல்ல நடக்க ஆரம்பித்தாள்.

"ஏய் ஷைனி, கண்ணு உன் ஃபோன்ல இருக்கட்டும். அவ ஃபோன்ல இன்னா கீது?"

"மணி பாத்தேன் ஆன்ட்டி!"

"மணி உன் ஃபோன்லயும்தான் ஓடுது. பாரு."

பாதி வழி போன பிறகுதான் மருமகள் பார்த்துக்கொண்டிருப்பது சாராளுக்கு ஞாபகம் வந்தது. அங்கேயே நின்றுவிட்டாள். திரும்பிப் போய் உட்காரவும் வெட்கமாக இருந்தது.

"அத்தை... தினமும் நீங்கதான் இப்படிப் பாத்துக்கறீங்களா?"

"பின்ன? உன் பாடத்துல காப்பி அடிச்சிட்டு, நாளைக்கு உன் பேரு கெடறதுக்கா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று சாராளுக்குத் தெரிந்தது. ஹெலனின் மூக்குக்கண்ணாடி லேசாக மங்கிவிட்டது. கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"ராஜமாணிக்கம் சாருக்கு நான் சொல்லிடறேன்" என்றாள் குரலைச் சரிசெய்துகொண்டு. "எங்க காலேஜ் பரீட்சை ஹாலை விட இங்க கெடுபிடி ஜாஸ்தி. வேணும்னா சாரே ஒரு நாள் வந்து பஸ்ல உக்காரட்டும். கண்காணிப்பாளர், என் மாமியார்னு சொல்றேன்."

பஸ்ஸே 'ஓ' என்று கூவியது. ஸ்டீவன் ஹாரனை ஒரு முறை அடித்தான். எதிரே வந்த ஆட்டோக்காரர் பயந்து ஓரம் கட்டினார்.

*

பூண்டி ஏரிக்கரையில் ஸ்டீவன் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தான். குரல் பதிவு நாட்களில் இது வழக்கம். என்ஜின் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்காது. ஜன்னல் வழியாக ஏரிக்காற்று உள்ளே வந்து எல்லோர் முடியையும் கலைத்தது.

ஒருத்தி பேசும்போது மற்றவர்கள் மூச்சு விடக்கூடாது. இது சாராள் போட்ட சட்டம்.

முதலில் அஸ்வினி. "அப்பா, நான் அஸ்வினி பேசறேன். டிகிரி முடியற வரைக்கும் எனக்கு மாப்பிள்ளை பாக்கறத நிறுத்தணும். எனக்குப் படிக்கப் புடிச்சிருக்குது. முக்கியமா, தொப்பையத் தூக்கிக்கினு போஸ் குடுத்துக்கினு கீற அந்த ஆளு போட்டோவ மொதல்ல அழிங்க."

"கடைசி வரி குத்தல்!" என்று பஸ் சேர்ந்து கத்தியது.

அஸ்வினி மறுபடி பேசினாள். இந்த முறை தொப்பை இல்லை.

வினோதா தன் லைனுக்கு இன்னொரு ஃபேன் கேட்டாள். ஷைனி அண்ணனிடம் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத்தரச் சொன்னாள். பேசி முடித்த ஒவ்வொருத்தி முகத்திலும், பெரிய மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு வெளிச்சம். இரண்டு பேர் அங்கேயே அந்தப் பதிவை உரியவருக்கும் அனுப்பிவிட்டார்கள். ஷைனியின் அண்ணனிடமிருந்து கட்டைவிரல் உயர்த்திய பொம்மை பதிலாக வந்தது. அதற்கும் ஒரு கூச்சல்.

"அத்தை, உங்களுக்கு ஒண்ணு தெரியுமா?" சீட்டுக்குத் திரும்பி வந்திருந்த மாமியார் பக்கம் ஹெலன் குனிந்து மெல்லச் சொன்னாள். "மூணாவது பாடத்துலேர்ந்து எல்லாப் பதிவுலயும் பின்னாடி ஒரு குரல் கேக்கும். 'சத்தமா சொல்லுடி, சோறு துன்னல?'ன்னு."

"ஐயையோ! அதுலயா உழுந்துச்சு?"

"விழுந்துச்சு. மார்க் போடறதுக்கு முதல் நாலு வரி கேட்டாப் போதும். நான் எல்லாத்தையும் கடைசி வரைக்கும் கேப்பேன்."

"எதுக்கு?"

ஹெலன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏரியைப் பார்த்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

அப்போதுதான் வினோதா எழுந்து, ஸ்டீவன் நிறுத்தங்களைச் சொல்லப் பயன்படுத்தும் மைக்கை எடுத்து நீட்டினாள். "எல்லாரும் பேசியாச்சு. சாராள் ஆன்ட்டிதான் பாக்கி."

"நானா? நான் இன்னா காலேஜா படிக்கிறேன்?"

"அஞ்சு பாடமும் கேட்டீங்க இல்ல? ஹோம் ஒர்க்கு மட்டும் செய்ய மாட்டீங்களா?" என்றாள் அஸ்வினி.

"ஆன்ட்டி! ஆன்ட்டி!" என்று பஸ் தாளம் போட்டது.

சாராள் மகனைப் பார்த்தாள். அவன் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேரே ரோட்டைப் பார்த்தான், ஓடாத வண்டியை ஓட்டுகிறவன் போல. காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

எழுந்து மைக்கை வாங்கினாள். அது கையில் வழுக்கியது. முந்தானையால் துடைத்தாள்.

"மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சி..." ஸ்பீக்கரில் வந்த தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். "...ஜன்னலுக்குக் கொசுவலையும் போட்டாச்சு."

"சாடை!" இருபத்தைந்து குரல்கள்.

ஹெலன் சட்டென்று நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள்.

"இருங்கடி! பேச வுடுங்க!" சாராளுக்கு வியர்த்தது. "அதாவது... வேலூருக்குப் போறவங்க, போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவணும்னுகூட நெனைக்கல. அவங்களுக்கு நாங்க..."

"குத்தல்!"

இந்த முறை பெண்களின் குரலோடு ஓர் ஆண் குரலும் சேர்ந்திருந்தது. ஸ்டீவன் இன்னும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரோ சிரித்தார்கள். சாராளுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து கண்ணில் தண்ணீரும் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஏரிக்காற்று மைக்கில் மோதி 'உஸ்' என்று ஸ்பீக்கரில் இரைந்தது.

கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மௌனம்" என்றாள் வினோதா, ரொம்ப மெதுவாக.

ஹெலன் எழுந்தாள். மைக்கை வாங்கிக்கொள்ளத்தான் கையை நீட்டினாள். "விடுங்க அத்தை. கஷ்டப்படாதீங்க. எனக்குப் புரியுது."

"புரியக்கூடாது!" என்றாள் சாராள். "உனக்காப் புரிஞ்சா அது உன் கெட்டிக்காரத்தனம். நான் கேட்டதா ஆவாது."

நீட்டிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றொரு கையில் மைக் வாய்க்கு நேராக வந்தது. கண்ணாடி டீச்சர் சொன்ன வரிசை ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. முதலில் பேர்.

"ஹெலன்."

ஸ்டீவன் ரோட்டிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்பினான்.

"நீ போனதுலேர்ந்து உள் ரூம்ல பாடம் நடத்தற சத்தம் இல்ல. ஊடு ஓன்னு கீது. மாமா டிவிய சத்தமா வெச்சிப் பாக்கறாரு, அது அதுக்கு ஈடாவல. எனக்கு நீ வோணும்மா. நான் கிண்டலாச் சொன்னது உன்ன நோகடிச்சிருச்சு, இனிமே சொல்ல மாட்டேன். வேலூருக்குப் போறதுன்னா, போ. நான் கோச்சிக்க மாட்டேன், பூரிக்கு மாவு தேய்க்க ஒரு பலகை வாங்கித் தந்து அனுப்புறேன். ஆனா நீ அன்னிக்கு கேட்டுக்கினு நின்னியே ஒரு வார்த்தை, அதச் சொல்லாம உன்ன அனுப்பினா எனக்கு ஆவாது."

மருமகளின் விரல்கள் அவள் விரல்களை இறுக்கின.

"இரு, ஹெலன். எங்களோட இரு."